விட்டு விட்டு வரும் காய்ச்சல்: கன்று வீச்சு நோய் பற்றி வாசகர் கேள்விகள்

மாட்டுக்கு வந்து சினை கலைந்தால் கன்று வீச்சு, மனிதருக்கு வந்தால் புருசெல்லோசிஸ். பெயர்தான் இரண்டு, கிருமி ஒன்று: புருசெல்லா. சென்ற இதழில் இதைப் பற்றி நாலு வரி எழுதியதற்கு வந்த கேள்விகளில் சிலவற்றை இங்கே எடுத்துக்கொண்டிருக்கிறோம். பொது மருத்துவர், நுண்ணுயிரியல் மருத்துவர், கால்நடை மருத்துவர் மூவரும் சேர்ந்து பதில் எழுதியிருக்கிறார்கள். வேறுவிதமாகச் சொல்லாத இடங்களில் மருந்தளவு பெரியவர்களுக்கானது. சீட்டு எழுத வேண்டியது உங்கள் மருத்துவர்தான்.

*என் கணவருக்கு 43 வயது. மூன்று மாடு வைத்துப் பால் ஊற்றுகிறோம். இரண்டு மாதமாகக் காய்ச்சல். முதலில் டைபாய்டு என்று ஊசி போட்டார்கள். பிறகு ஸ்க்ரப் டைபஸ் (உண்ணிக் காய்ச்சல்) என்று டாக்சிசைக்ளின் 7 நாள் கொடுத்தார்கள். மூன்றாம் நாளே காய்ச்சல் நின்றது. இருபது நாள் கழித்து மறுபடி ஆரம்பித்துவிட்டது. ராத்திரி பனியனைப் பிழியலாம், அவ்வளவு வியர்வை. இப்போது வேறொரு டாக்டர் புருசெல்லா டெஸ்ட் எழுதியிருக்கிறார். முன்னால் கொடுத்த மருந்து தப்பா?*
— வாசகி, மாதவரம்

மருந்து தப்பில்லை அம்மா, நாள்தான் போதவில்லை. ஸ்க்ரப் டைபஸுக்கு டாக்சிசைக்ளின் 7 நாள் போதும். அதே மாத்திரைதான் புருசெல்லாவுக்கும் முதல் மருந்து. ஆனால் இதற்கு 6 வாரம் வேண்டும், கூடவே இன்னொரு மருந்தும் வேண்டும். ஒரு வாரத்தில் நிறுத்தினால் காய்ச்சல் அடங்கும், கிருமி அடங்காது.

காரணம் அது ஒளிந்துகொள்ளும் இடம். உடம்புக்குள் வரும் கிருமியை வெள்ளை அணுக்கள் விழுங்கிச் செரிக்க வேண்டும். புருசெல்லாவை விழுங்குகின்றன, செரிக்க முடிவதில்லை. அந்த அணுவுக்குள்ளேயே அது பெருகி, மண்ணீரல், கல்லீரல், எலும்பு மஜ்ஜை என்று சுற்றுகிறது. ரத்தத்தில் மட்டும் ஓடும் மருந்து அங்கே எட்டாது. டைபாய்டுக்குப் போடும் செஃப்ட்ரியாக்சோன் ஊசியாலும் சில நாள் காய்ச்சல் தணியக்கூடும். ஆகவே 'எந்த ஆன்டிபயாடிக் கொடுத்தாலும் கேட்கிறது, நிறுத்தினால் திரும்புகிறது' என்பதே ஒரு துப்பு. அதோடு மாடு, ஆடு, இறைச்சிக் கடை, காய்ச்சாத பால் என்று ஏதாவது ஒன்று வீட்டில் இருந்தால் புருசெல்லாவைத் தேடாமல் விடக் கூடாது. மாடு வைத்திருக்கிறீர்கள் என்பதை இதுவரை பார்த்த டாக்டர்கள் கேட்டார்களா? கேட்காவிட்டாலும் நீங்களே முதல் வரியாகச் சொல்லுங்கள்.

அடுத்த மருந்தை ஆரம்பிக்கும் முன் ரத்தக் கல்ச்சர் (ரத்தத்திலிருந்து கிருமியை வளர்த்துப் பார்க்கும் பரிசோதனை) எடுத்துவிட வேண்டும். ஒரு பாட்டில் போதாது, வெவ்வேறு நேரத்தில் இரண்டு மூன்று எடுப்பது நல்லது. இன்றைய தானியங்கி இயந்திரங்களில் பெரும்பாலும் ஒரு வாரத்துக்குள் வளர்ந்துவிடும். பழைய முறையில் 4 வாரம்கூட ஆகும். சீட்டில் 'புருசெல்லா சந்தேகம்' என்று எழுதச் சொல்லுங்கள். அது லேப்காரர்களின் பாதுகாப்புக்கும்தான். முன்பே ஆன்டிபயாடிக் எடுத்தவர்களுக்கு ரத்தத்தில் வளராமல் போனால், எலும்பு மஜ்ஜைக் கல்ச்சரில் கிடைக்கும் வாய்ப்பு அதிகம்.

ரத்தத்தை நீர்த்துக்கொண்டே போய், அதிலுள்ள எதிர்ப்புப் பொருள் கிருமியைக் கட்டி சேர்க்கிறதா என்று பார்ப்பது அக்லூட்டினேஷன் பரிசோதனை. கட்டி சேரும் கடைசி நீர்ப்புதான் டைட்டர். அது 1:160 அல்லது அதற்கு மேல் இருந்து, அறிகுறியும் இருந்தால் நோய் என்றே எடுத்துக்கொள்வோம். இதில் ஒரு பொறி உண்டு. எதிர்ப்புப் பொருள் அளவுக்கு மீறி இருந்தால், 1:20, 1:40, 1:80 போன்ற தொடக்க நீர்ப்புகளில் கட்டி சேராமல் 'நெகட்டிவ்' மாதிரி தெரியும். இதற்கு புரோசோன் என்று பெயர். அவசரப்பட்டு அங்கேயே நிறுத்தும் லேப் கடுமையான நோயாளியையே தவறவிடும். 1:1280 வரை நீர்த்துப் பார்க்கச் சொல்ல வேண்டும். டைபாய்டுக்கு எடுக்கும் வைடால் டெஸ்ட்டில் இந்த நோய் தெரியாது.

*என் தம்பி இறைச்சிக் கடை வைத்திருக்கிறான். நான்கு மாதமாக இடுப்பு வலி. எம்.ஆர்.ஐ. பார்த்து முதுகெலும்பு டி.பி. என்று நான்கு மருந்து ஆரம்பித்தார்கள். முதல் மாதம் நன்றாக இருந்தது, இப்போது மறுபடி வலி. சளியும் இல்லை, டி.பி. கிருமியும் எங்கும் அகப்படவில்லை. டி.பி.தானா?*
— வாசகர், சைதாப்பேட்டை

சந்தேகப்படக் காரணம் இருக்கிறது. ஆனால் மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம். முதலில் அதைச் சொல்லிவிடுகிறோம்.

டி.பி.க்குக் கொடுக்கும் நான்கில் ரிஃபாம்பிசின் ஒன்று. அது புருசெல்லாவுக்கும் கேட்கும். மற்ற மூன்றையும் இந்தக் கிருமிக்கு எதிராக நம்ப முடியாது. ஆக, உங்கள் தம்பிக்கு இருப்பது புருசெல்லா என்றால், அவர் சாப்பிடுவது ஒற்றை மருந்து. ஒற்றை மருந்துக்குப் பாதி குணமாகித் திரும்புவது இதன் வழக்கம். 'டி.பி. மருந்து வேலை செய்ததே, அப்போது டி.பி.தான்' என்ற வாதம் இங்கே செல்லாது.

படத்தில் வித்தியாசம் உண்டு. டி.பி. பெரும்பாலும் மார்பு முதுகெலும்பையோ, மார்பும் இடுப்பும் சேரும் இடத்தையோ பிடிக்கும். எலும்பைக் கரைத்து நொறுக்கும், கூன் விழவைக்கும், பக்கத்தில் பெரிய சீழ்க்கட்டி வைக்கும். புருசெல்லா விரும்புவது கீழ் இடுப்பை, அதிலும் எல்4–எல்5 பகுதியை (நாலாவது, ஐந்தாவது இடுப்பு முள்ளெலும்பு). எலும்பின் உருவம் அநேகமாக அப்படியே நிற்க, அதன் முன்புற மேல் விளிம்பு மட்டும் அரிக்கப்படும். பிறகு அதே விளிம்பில் கிளி மூக்கு மாதிரி புது எலும்பு வளரும். இடுப்பெலும்பும் முதுகெலும்பும் சேரும் சேக்ரோஇலியாக் மூட்டு வீங்கி, ஒரு பக்கப் பிட்டத்தில் வலி என்று இளைஞர்கள் வருவதும் உண்டு. இவையெல்லாம் சாய்மானங்கள் மட்டுமே. படத்தை வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது. ஊசி வழியாகத் திசு எடுத்து, ஒரு பாதியை டி.பி.க்கான மரபணுப் பரிசோதனைக்கும் கல்ச்சருக்கும், மறு பாதியைப் புருசெல்லா கல்ச்சருக்கும் அனுப்ப வேண்டும். நோயியல் அறிக்கையில் 'கிரானுலோமா' (எதிர்ப்பு அணுக்கள் கூடிய சிறு முடிச்சு) என்று மட்டும் வந்தால் போதாது. இரண்டு நோயிலும் கிரானுலோமா வரும்.

உறுதியானால் சிகிச்சை 6 வாரத்தில் முடியாது, குறைந்தது 12 வாரம். டாக்சிசைக்ளின் 100 மி.கி. தினம் இரு வேளை, ரிஃபாம்பிசின் தினம் ஒரு வேளை, ஆரம்பத்தில் 2–3 வாரம் ஸ்ட்ரெப்டோமைசின் ஊசி அல்லது 7–10 நாள் ஜென்டாமைசின் ஊசி என்பது வழக்கமான சேர்க்கை. கால் மரத்துப் போவது, சிறுநீர் கட்டுப்பாடு போவது, எலும்பு நிலைகுலைவது, வடியாத சீழ் என்றால்தான் அறுவை.

மறுபக்கமும் சொல்ல வேண்டும். டி.பி. இல்லை என்று உறுதி செய்யாமல், புருசெல்லா என்று நினைத்து டாக்சிசைக்ளினும் ரிஃபாம்பிசினும் மட்டும் கொடுத்தால், உள்ளே உண்மையில் டி.பி. இருக்கும்பட்சத்தில் அதற்கு ரிஃபாம்பிசின் ஒற்றையாகப் போய்ச் சேரும். மருந்துக்கு மசியாத டி.பி. அப்படித்தான் உருவாகிறது. நம் ஊரில் இந்த இரண்டு நோய்களையும் ஒன்றையொன்று விலக்கிப் பார்க்காமல் எதையும் ஆரம்பிப்பது சூதாட்டம்.

*வயது 29. ஒரு பக்க விதை வீங்கி வலி. ஸ்கேனில் 'கட்டி மாதிரி' என்றார்கள், எடுத்துவிடலாம் என்று தேதி கொடுத்திருக்கிறார்கள். பத்து நாள் சிப்ரோஃப்ளாக்சசின் சாப்பிட்டேன், கொஞ்சம் குறைந்தது. அப்பா ஆடு வளர்க்கிறார். வீட்டில் இதைச் சொல்லக் கூச்சமாக இருக்கிறது.*
— பெயர் வெளியிட வேண்டாம், பூந்தமல்லி

கூச்சத்தை ஒதுக்கி வைத்துவிட்டு, 'அப்பா ஆடு வளர்க்கிறார்' என்ற அந்த ஒரு வரியை உங்கள் அறுவை மருத்துவரிடம் சொல்லுங்கள். ஆண்களுக்குப் புருசெல்லா வந்தால் விதையும் விதைமேற்குழலும் வீங்குவது தெரிந்த சங்கதி. பெரும்பாலும் ஒரு பக்கம்தான் வரும். சிறுநீர்ப் பரிசோதனை சுத்தமாக இருக்கும், சிறுநீர் எரிச்சலும் இருக்காது. காய்ச்சலும் மூட்டு வலியும் முன்பின்னாக இருந்திருக்கும். ஸ்கேனில் இது புற்றுநோய்க் கட்டி மாதிரியே தெரிந்து, எடுத்த பிறகு நோயியல் அறிக்கையில் உண்மை தெரிந்த சம்பவங்கள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன.

அறுவைக்கு முன் இரண்டு ரத்தப் பரிசோதனை: புருசெல்லா அக்லூட்டினேஷன்; ஏ.எஃப்.பி., பீட்டா எச்.சி.ஜி., எல்.டி.எச். என்ற கட்டிக் குறியீடுகள். ரத்தக் கல்ச்சரும் வேண்டும். புருசெல்லா என்றால் 6 வார இரட்டை மருந்திலேயே அநேகமாகச் சரியாகும். சீழ் கட்டினால்தான் கத்தி. சிப்ரோஃப்ளாக்சசினை மட்டும் நம்பினால் திரும்பத் திரும்ப வரும். அணுவுக்குள் கிருமி வாழும் அறை அமிலத்தன்மை கொண்டது. அங்கே அந்த மருந்தின் கூர்மை மழுங்கிவிடுகிறது.

அதே சமயம், புருசெல்லா நெகட்டிவ் என்று வந்தால் அறுவையைத் தள்ளிப்போடாதீர்கள். உங்கள் வயதில் விதைப் புற்றுநோயும் வரக்கூடியதே.

*நவம்பரில் மகளுக்குக் காய்ச்சல், பிளேட்லெட் 48,000. டெங்கு நெகட்டிவ். ஆனாலும் டெங்கு என்றே வைத்துப் பார்த்தார்கள். நாலு வாரம் ஆகிறது, பிளேட்லெட் ஏறவில்லை. மண்ணீரல் வீங்கியிருக்கிறது என்கிறார்கள். ரத்தப் புற்றுநோயோ என்று பயமாக இருக்கிறது.*
— வாசகர், கொளத்தூர்

டெங்குவில் பிளேட்லெட் சரிவது காய்ச்சலின் மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாள் வாக்கில். பிறகு தானே ஏறிவிடும். நாலு வாரம் தாழ்ந்தே இருந்தால் அது டெங்கு இல்லை. மழைக்காலச் சென்னையில் பிளேட்லெட் குறைந்தாலே டெங்கு என்று முத்திரை குத்திவிடுகிறார்கள். அந்த முத்திரைக்குக் கெடு இரண்டு வாரம்தான்.

புருசெல்லா மஜ்ஜையில் குடியேறினால் வெள்ளை அணு குறையும், சிலருக்குப் பிளேட்லெட் குறையும், சிலருக்கு மூன்று வகை அணுவும் குறையும். மஜ்ஜையில் கிரானுலோமா, வீங்கிய மண்ணீரல் அணுக்களைப் பிடித்து வைத்தல், எதிர்ப்புப் பொருள் பிளேட்லெட்டையே தாக்குதல், விழுங்கும் அணுக்கள் வெறிகொண்டு ரத்த அணுக்களைத் தின்பது என்று காரணம் பல. மஜ்ஜைப் பரிசோதனைக்கு ஏற்பாடு நடந்தால் நல்லது. ஆனால் எடுக்கும் திரவத்தில் ஒரு சிட்டிகை கல்ச்சர் பாட்டிலுக்கும் போக வேண்டும். இதைத்தான் பலரும் மறக்கிறார்கள். முழுவதையும் ஸ்லைடுக்கே கொடுத்துவிட்டால் ரத்தப் புற்றுநோய் இல்லை என்று தெரியும், என்ன இருக்கிறது என்று தெரியாது. டி.பி., காலா அசார் (மணல் ஈ கடியால் வரும் காய்ச்சல்), லூபஸ் (உடம்பின் எதிர்ப்புச் சக்தி உடம்பையே தாக்கும் நோய்) ஆகியவற்றையும் இதே மூச்சில் விலக்க வேண்டும். புருசெல்லா என்றால் மருந்து ஆரம்பித்து இரண்டு முதல் நான்கு வாரத்தில் அணுக்கள் பெரும்பாலும் ஏறிவிடும். ரத்தக் கசிவு இல்லாமல் 48,000-க்குப் பிளேட்லெட் ஏற்றத் தேவையில்லை.

*தலைவலி, காய்ச்சலோடு அம்மாவுக்கு ஒரு காது கேட்காமல் போய்விட்டது. தண்டுவட நீர் எடுத்துப் பார்த்து டி.பி. மூளைக்காய்ச்சல் என்கிறார்கள். புருசெல்லா காதைப் பாதிக்குமா?*
— வாசகி, ஆவடி

பாதிக்கும். புருசெல்லா நரம்பு மண்டலத்தைத் தொடுவது 100 நோயாளிகளில் ஐந்துக்கும் குறைவு. தொட்டால் காது கேட்கும் நரம்பின் மேல் அதற்குத் தனிப் பிரியம். தண்டுவட நீரில் லிம்போசைட் என்ற வெள்ளை அணு அதிகம், புரதம் அதிகம், சர்க்கரை குறைவு என்று அச்சு அசலாக டி.பி. மாதிரியே இருக்கும். டி.பி.யில் கூடும் ஏ.டி.ஏ. என்ற நொதியின் அளவும் கூடலாம் என்பதால் அதை வைத்துப் பிரிக்க முடியாது. ரத்தத்தோடு தண்டுவட நீரிலும் புருசெல்லா எதிர்ப்புப் பொருளைத் தேட வேண்டும்.

சிகிச்சை வேறு கணக்கு. ஜென்டாமைசின் வகை ஊசி மூளைக்குச் சரியாகப் போகாது. செஃப்ட்ரியாக்சோன் 2 கிராம் 12 மணி நேரத்துக்கு ஒரு தடவை ரத்தக் குழாயில் ஊசியாக ஏறத்தாழ ஒரு மாதம். கூடவே டாக்சிசைக்ளினும் ரிஃபாம்பிசினும், தண்டுவட நீர் தெளியும்வரை, 4–6 மாதம் போல. இதய வால்வில் தங்கினால் இன்னும் கடினம். அது 100-க்கு ஒன்றிரண்டு பேருக்குத்தான் வரும், ஆனால் இந்த நோயில் உயிரிழப்புக்குப் பெரிய காரணம் அதுதான். பெரும்பாலும் அயோர்டிக் வால்வு. மூன்று நான்கு மருந்து, பல மாதம், பலருக்கு வால்வு மாற்று அறுவையும். காய்ச்சலோடு இதயத்தில் புது முணுமுணுப்பு கேட்டால் எக்கோ எடுக்காமல் வீட்டுக்கு அனுப்பக் கூடாது.

*அண்ணனுக்குப் புருசெல்லா உறுதி. டாக்சிசைக்ளின், ரிஃபாம்பிசின் 6 வாரம் எழுதியிருக்கிறார்கள். எப்படிச் சாப்பிடுவது, என்ன சேர்க்கக் கூடாது? ஊசி போட்டால் நல்லது என்று ஒருவர் சொல்கிறார். அவருக்குச் சர்க்கரையும் உண்டு.*
— வாசகர், வியாசர்பாடி

ரிஃபாம்பிசின் வெறும் வயிற்றில். காலை எழுந்ததும் தண்ணீரோடு போட்டுவிட்டு ஒரு மணி நேரம் கழித்துச் சிற்றுண்டி. வழக்கமான அளவு ஒரே வேளையாக 600 முதல் 900 மி.கி., எடையைப் பொறுத்து. சிறுநீர், வியர்வை, கண்ணீர் ஆரஞ்சாக வரும். பயப்பட ஒன்றுமில்லை, கான்டாக்ட் லென்ஸ் மட்டும் கறைபடும். கண் மஞ்சளானாலோ, சோறு கண்டாலே குமட்டினாலோ அது வேறு விஷயம். மருந்தை நிறுத்தி அன்றே கல்லீரல் பரிசோதனை செய்யுங்கள்.

டாக்சிசைக்ளின் 100 மி.கி. இட்லி சாப்பிட்ட பிறகு ஒன்று, ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒன்று. ஒரு முழு டம்ளர் தண்ணீர் வேண்டும், ஒரு மடக்குப் போதாது. போட்டதும் படுக்கக் கூடாது, அரை மணி நேரமாவது உட்கார்ந்திருக்க வேண்டும். உணவுக் குழாயில் ஒட்டிக்கொண்டால் புண்ணாகிவிடும். நெஞ்சு எரிகிறது என்று சிகிச்சையைப் பாதியில் விடுகிறவர்களில் பலர் படுக்கப் போகும்போது கால் டம்ளர் தண்ணீரில் விழுங்கினவர்கள். இரும்புச் சத்து, கால்சியம் மாத்திரை, ஜெலுசில் மாதிரி அமில மருந்து எல்லாம் குறைந்தது இரண்டு மணி நேரம் தள்ளி. பாலோடு போட வேண்டாம். வெயிலில் தோல் சீக்கிரம் கருகும். முழுக்கைச் சட்டை போடச் சொல்லுங்கள்.

சர்க்கரை விஷயம் முக்கியம். ரிஃபாம்பிசின் கல்லீரலின் நொதிகளைத் தட்டி எழுப்பிவிடும். கிளிமிபிரைடு போன்ற சர்க்கரை மாத்திரை, ரத்த அழுத்தத்துக்கான ஆம்லோடிபின், வார்ஃபரின், கருத்தடை மாத்திரை எல்லாம் சீக்கிரம் கரைந்து போகும். அண்ணனுக்கு இரண்டாம் வாரத்திலிருந்து சர்க்கரை ஏறலாம். அடிக்கடி பார்த்து அளவை மாற்ற வேண்டும், மருந்து முடிந்ததும் பழைய அளவுக்கு இறக்க வேண்டும். இறக்க மறந்தால் தாழ்சர்க்கரை வந்துவிடும்.

ஊசி சொன்னவர் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார். ரிஃபாம்பிசின் டாக்சிசைக்ளினின் அளவையும் ரத்தத்தில் குறைக்கிறது. டாக்சிசைக்ளின் 6 வாரத்தோடு ஸ்ட்ரெப்டோமைசின் 1 கிராம் தினம் தசை ஊசியாக 2–3 வாரம், அல்லது ஜென்டாமைசின் கிலோவுக்கு 5 மி.கி. 7–10 நாள் என்ற சேர்க்கையில் நோய் திரும்புவது குறைவு. உலக சுகாதார நிறுவனம் 1986-இல் ஏற்றுக்கொண்ட மாத்திரை முறை பிரபலமானதற்குக் காரணம் தினமும் ஊசிக்கு அலைய வேண்டாம் என்பதுதான். எங்கள் சாய்வு ஊசி பக்கம்தான், சிறுநீரகமும் காதும் நன்றாக இருந்தால். அண்ணனுக்குச் சர்க்கரை இருப்பதால் முதலில் கிரியாட்டினின் பாருங்கள். ஊசி நாட்களில் காதில் இரைச்சலோ, நடக்கையில் தள்ளாட்டமோ வந்தால் அன்றே நிறுத்திச் சொல்ல வேண்டும்.

முதல் நாள் மருந்துக்குப் பிறகு காய்ச்சல் சற்று எகிறலாம், கிருமிகள் கூட்டமாகச் சாவதால். மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைக்காதீர்கள். ஒரு வாரத்தில் காய்ச்சல் விடும். ஆபத்து அங்கேதான் ஆரம்பிக்கிறது: 'சரியாகிவிட்டது' என்று மூன்றாம் வாரம் நிறுத்துகிறவர்கள் நிறைய.

*வீட்டில் எட்டு வயதுக்குக் குறைந்த பையனுக்கும், ஐந்து மாதக் கர்ப்பிணி மருமகளுக்கும் இருக்கிறது என்றால்?*
— வாசகி, செங்குன்றம்

பையனுக்கு கோட்ரைமாக்சசோலும் ரிஃபாம்பிசினும் எடைக்கேற்ப 6 வாரம். டாக்சிசைக்ளினை இந்த வயதில் நீண்ட நாள் கொடுப்பதைத் தவிர்ப்பது பல்லுக்காக. மருமகளுக்கு டாக்சிசைக்ளினும் கூடாது, ஸ்ட்ரெப்டோமைசினும் கூடாது. ரிஃபாம்பிசின் அடிப்படை. கோட்ரைமாக்சசோல் சேர்ப்பதானால் முதல் மூன்று மாதமும் பிரசவத்தை ஒட்டிய கடைசி வாரங்களும் தவிர்த்து, ஃபோலிக் அமிலத்தோடு. சிகிச்சையைப் பிரசவத்துக்குப் பின் என்று தள்ள வேண்டாம். இந்தக் கிருமி பெண்களுக்கும் கருச்சிதைவு உண்டாக்கும்.

*ஆவின் பாக்கெட் பாலில் வருமா? தயிரில்? சீம்பாலில்?*
— வாசகர், பெரம்பூர்

பாக்கெட் பால் பதப்படுத்தப்பட்டது. 72 டிகிரியில் 15 விநாடி காட்டினாலே புருசெல்லா செத்துவிடும். கறந்த பாலை ஒரு கொதி வரவிட்டுக் காய்ச்சினால் போதும், அந்தப் பாலில் தோய்த்த தயிரும் சரி. நம் வீடுகளில் பாலைக் காய்ச்சாமல் யாரும் குடிப்பதில்லை என்பதே இந்த நோயிலிருந்து பாதிப் பேரைக் காப்பாற்றுகிறது. சீம்பாலை வெல்லம் போட்டு வேகவைத்தால் கவலையில்லை. கறந்தவுடன் ருசி பார்ப்பதுதான் தப்பு. சளிக்கு நல்லது என்று வெள்ளாட்டுப் பாலை மடியிலிருந்தே பீய்ச்சிக் குடிப்பதும், பிறந்த குழந்தைக்குத் தெருவில் விற்கும் கழுதைப் பாலைப் பச்சையாகப் புகட்டுவதும் வேண்டாம். மால்டா தீவில் பிரிட்டிஷ் சிப்பாய்களைப் படுக்கப் போட்ட காய்ச்சலின் கிருமியை ராணுவ மருத்துவர் டேவிட் புரூஸ் 1887-இல் கண்டுபிடித்தார். அது பார்ப்பதற்கு ஆரோக்கியமாக இருந்த ஆடுகளின் பாலில் வருகிறது என்று மால்டா மருத்துவர் தெமிஸ்டாக்ளிஸ் சமிட் கண்டுகொள்ள 1905 ஆகிவிட்டது. மறு வருடம் படைக்கு ஆட்டுப் பாலை நிறுத்தினார்கள், காய்ச்சலும் படுத்துவிட்டது.

*லேப் டெக்னீஷியன். ரத்தக் கல்ச்சரில் வளர்ந்ததை இரண்டு நாள் திறந்த மேசையில் வைத்தே வேலை பார்த்தோம். மெஷின் 'ஆக்ரோபாக்ட்ரம்' என்ற வேறொரு கிருமி என்றது. பிறகு புருசெல்லா என்று தெரிந்தது. என்ன செய்வது?*
— வாசகி, கீழ்ப்பாக்கம்

உலகம் முழுக்க லேப் தொற்றுகளில் முன்வரிசையில் நிற்கும் கிருமி இது. காற்றில் ஏறும், கொஞ்சம் போதும். பிளேட்டைத் திறந்து கையாண்டவர்களும், கையாளும்போது ஒன்றரை மீட்டருக்குள் நின்றவர்களும் பட்டியலில் வருவார்கள். திரவம் சிதறியிருந்தால் அறையில் இருந்த எல்லோரும். இவர்களுக்கு டாக்சிசைக்ளின் 100 மி.கி. இரு வேளை, ரிஃபாம்பிசின் 600 மி.கி. ஒரு வேளை, 21 நாள். இன்றே ஒரு ரத்தப் பரிசோதனை, பிறகு 6, 12, 18, 24-ஆம் வாரம். அந்த 24 வாரமும் காய்ச்சலைக் குறித்து வையுங்கள். கர்ப்பமாக இருப்பவர்கள் மகப்பேறு மருத்துவரிடம் பேசியே தொடங்க வேண்டும்.

இனி ஒரு குறிப்பு வைத்துக்கொள்ளுங்கள்: 48 மணி நேரத்தில் பிளட் அகார் என்ற வளர்ப்பு ஊடகத்தில் குண்டூசி முனை அளவுக் காலனி, மெக்கான்கி என்ற ஊடகத்தில் வளர்ச்சி இல்லை, கிராம் சாயத்தில் தூவிய மணல் மாதிரி மிகச் சிறிய சிவப்புப் பொடி, ஆக்சிடேஸ் பாசிட்டிவ், யூரியேஸ் நிமிடங்களில் நிறம் மாறுகிறது. இப்படி இருந்தால் மெஷினில் ஏற்றாமல் பிளேட்டை டேப் ஒட்டி மூடி, பாதுகாப்பு கேபினெட்டுக்கு மாற்றுங்கள். முகர்ந்து பார்க்கும் பழக்கம் அறவே கூடாது. பெயர்க் குழப்பம் இன்னொன்று உண்டு. ஆக்ரோபாக்ட்ரம் இனத்தை 2020-இல் வகைப்பாட்டியலார் புருசெல்லா பேரினத்தோடு சேர்த்ததால், சில அறிக்கைகளில் 'புருசெல்லா ஆந்த்ரோபி' என்று வருகிறது. அது கன்று வீச்சுக் கிருமி இல்லை, மருந்தும் வேறு. அறிக்கையில் இனப் பெயர் வரை படிக்க வேண்டும்.

*ஏழு மாதச் சினை மாடு கன்றை வீசிவிட்டது. நஞ்சும் (நஞ்சுக்கொடி) விழவில்லை. ஆள் வைத்துக் கையால் எடுத்தோம். மற்ற மாடுகளுக்குத் தடுப்பூசி போடலாமா?*
— வாசகர், திருநின்றவூர்

கையால் எடுத்தவர் யார், உறை போட்டிருந்தாரா என்று முதலில் பாருங்கள். வெறுங்கை என்றால், கையில் கீறல் இருந்தால், அவர் மருத்துவரைப் பார்த்து இன்று ரத்தம் கொடுக்கட்டும், தடுப்பு மருந்து வேண்டுமா என்றும் கேட்கட்டும். 1 முதல் 4 வாரம் கழித்து, சில சமயம் மாதங்கள் கழித்தும் காய்ச்சல் வரலாம். வீசிய கன்று, நஞ்சு, பனிக்குட நீர் மூன்றிலும் கிருமி கோடிக்கணக்கில் இருக்கும். நாய் இழுக்காத ஆழத்தில் சுண்ணாம்பு போட்டுப் புதையுங்கள். சாணத்தைச் சுரண்டிக் கழுவிய பிறகே தரையில் பிளீச்சிங் பவுடர் கரைசல். சாணத்தின் மேலேயே ஊற்றினால் அது வீரியம் இழந்துவிடும். அந்த மாட்டைத் தனியாகக் கட்டுங்கள், மற்ற மாடுகளுக்கும் ரத்தப் பரிசோதனைக்குக் கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள். மாட்டுக்கு ஆன்டிபயாடிக் போட்டுக் குணப்படுத்துவது நடக்கிற காரியம் இல்லை.

எஸ்19 தடுப்பூசி 4 முதல் 8 மாத வயதுள்ள கிடாரிக் கன்றுகளுக்கு மட்டும், வாழ்நாளில் ஒரு தடவை. 2019-இல் தொடங்கிய தேசியக் கால்நடை நோய்க் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் இது இலவசம். சினை மாட்டுக்குப் போட்டால் அதுவே கன்றை வீச வைக்கலாம், காளைக் கன்றுக்குப் போட்டால் விதை வீங்கலாம். உயிருள்ள கிருமி என்பதால் போடுகிறவர் கையில் ஊசி குத்திவிட்டால் சோப்புப் போட்டுக் கழுவி, மேலே லேப்காரர்களுக்குச் சொன்ன அதே 21 நாள் மருந்து. கண்ணில் தெறித்தால் 15 நிமிடம் தண்ணீரில் அலசிவிட்டு, மருந்து 4–6 வாரம்.

*சிகிச்சை முடிந்து ஒரு வருடம். காய்ச்சல் இல்லை, எடை ஏறிவிட்டது. ஆனால் டைட்டர் இன்னும் 1:160. மறுபடி 6 வாரம் சாப்பிடச் சொல்கிறார்கள்.*
— வாசகர், புளியந்தோப்பு

எண்ணுக்கு மருந்து கிடையாது. எதிர்ப்புப் பொருள், குறிப்பாக ஐஜிஜி என்ற நீண்டகால வகை, குணமான பிறகும் ஒரு வருடத்துக்கு மேல் தங்கலாம். நீங்கள் இன்னும் ஆடு அறுக்கும் ஆட்டுத் தொட்டியிலோ மாட்டுக் கொட்டகையிலோ வேலை பார்த்தால் அது இறங்காமலே இருக்கலாம். நோய் திரும்புவதானால் பெரும்பாலும் முதல் ஆறு மாதத்தில் திரும்பும். காய்ச்சல், வியர்வை, புது இடுப்பு வலி வந்தால் மட்டும் கல்ச்சர் எடுத்து, பழைய ரிப்போர்ட் எடுத்த அதே லேபில் டைட்டரையும் பாருங்கள். நான்கு மடங்கு ஏறியிருந்தால் பேச வேண்டியதுதான். அப்படித் திரும்பினாலும் புது மருந்து தேடி ஓட வேண்டாம். இந்தக் கிருமி மருந்துக்கு மசியாமல் போவது அரிது. பெரும்பாலும் அதே சேர்க்கையை, இந்த முறை ஊசியோடு, முழு நாளும் கொடுத்தாலே கேட்கும்.